பனங்காடையும் பனையேறியும்: பொந்துக் கூடுகளைக் கண்காணித்த வரலாறு

தமிழில் பனங்காடை என்றும் மலையாளத்தில் பனங்காக்க என்றும் வழங்கும் நீலச் சிறகுப் பறவையின் குலத்தைப் பற்றி இவ்விரு மொழிகளும் ஒத்துப்போகவில்லை. ஒன்று அதைக் காடை என்கிறது. மற்றொன்று காக்கை என்கிறது. ஆனால் அது எந்த மரத்துக்குரியது என்பதில் இரண்டுக்கும் ஐயமே இல்லை. கொண்டை விழுந்து மொட்டையாய் நிற்கும் பனையின் உச்சிப் பொந்து அப்பறவைக்கு மிகவும் உகந்த கூடு. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்ந்த மக்கள் அதைப் பார்த்து அறிந்து பெயரிலேயே பதிந்து வைத்தார்கள்.

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தெற்கு எல்லை மாறியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் முன்வைத்த கோரிக்கையில் நெய்யாற்றின்கரையின் தமிழ்ப் பகுதிகளும் இடம்பெற்றிருந்தன. அவை கேரளத்திலேயே நின்றுவிட்டன. பாறசாலை ஒரு மாநிலத்திலும், அதை அடுத்த களியக்காவிளை மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன. எல்லைக்கு இருபுறமும் ஒரே பனை, ஒரே அக்கானி, ஒரே கருப்பட்டி. மரப்பொந்தில் குடியிருக்கும் பறவைகளும் ஒன்றே. அவற்றைப் பற்றிய அறிவு எவரிடம் இருந்தது, எப்படி எழுத்தில் ஏறியது, எழுத்தில் ஏறாமல் எது நழுவிப்போகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பொந்தில் கூடு வைக்கும் பறவைகள் இரு வகையின. மரங்கொத்தியும் குக்குறுவானும் தம் அலகால் தாமே பொந்து குடைபவை. மைனா, பைங்கிளி, புள்ளி ஆந்தை, கூகை, குண்டுகரிச்சான், பனங்காடை முதலியவை பொந்து குடையத் தெரியாதவை. மரங்கொத்தி விட்டுச்சென்ற வீட்டிலோ, இயல்பாக உளுத்த குழியிலோ, சுவரின் இடுக்கிலோதான் அவை முட்டையிட முடியும். இரைக்குப் பஞ்சம் இல்லாத ஊரிலும் பொந்துக்குப் பஞ்சம் வந்துவிட்டால் இவற்றின் குஞ்சுகள் குறையும். பட்ட தென்னையும் மொட்டைப் பனையும் வீட்டின்மேல் விழுந்துவிடும் என்ற நியாயமான அச்சத்தால் வெட்டப்படுகின்றன. நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டங்களில் பரவியுள்ள இரப்பர்த் தோட்டங்களில், மரம் உளுத்துப் பொந்து விழும் வயதை எட்டுமுன்பே மறுநடவுக்காக வெட்டப்படுகிறது. ஓட்டு வீடுகளின் இடுக்குகள் கான்கிரீட் கூரைகளில் இல்லை. செயற்கைக் கூட்டுப்பெட்டி என்ற எண்ணம் இத்தகைய இழப்பை ஈடுசெய்யும் வழியாகவே இன்று முன்வைக்கப்படுகிறது.

ஆயினும் கூட்டுப்பெட்டியின் தொடக்கம் பரிவில் பிறந்ததன்று. ஐரோப்பாவின் தாழ்நில நாடுகளில் சில நூற்றாண்டுகளுக்கு முன் வீட்டுச் சுவர்களில் மண்குடங்கள் தொங்கவிடப்பட்டன. மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவை அவற்றில் கூடு வைக்கும். குஞ்சு கொழுத்ததும் குடத்தின் பின்புறத் துளை வழியாகக் கைவிட்டு எடுத்துச் சமைப்பார்கள். பறவைக்கென்றே அப்பறவைகளை வரவழைத்த முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த சார்லஸ் வாட்டர்டன். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமது வால்டன் ஹால் தோட்டத்தில் வேட்டையைத் தடுத்து, பொந்துப் பறவைகளுக்கென இடங்களைக் கட்டிக்கொடுத்தார். அந்நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் ஜெர்மனியின் ஸீபாஹ் ஊரில் பெர்லெப்ஷ் பிரபு மரங்கொத்தி குடைந்த பொந்துகளின் உள்வடிவை ஆராய்ந்து, அதே அமைப்பில் மரத்துண்டுகளைக் குடையச் செய்தார். காட்டு மரங்களைப் புழுக்களிடமிருந்து காப்பது அவர் நோக்கம். ஆக, கூட்டுப்பெட்டி முதலில் சமையலறைக்கும் பிறகு வனத்தொழிலுக்கும் பயன்பட்டது. பறவையின் வாழ்வை அறிவதற்கான கருவியானது அதற்குப் பின்னரே.

அதே காலத்தில் இந்தியாவில் கூட்டைப் பற்றிய அறிவு முட்டை திரட்டுவதன் வழியே வளர்ந்தது. காங்கிரஸ் பேரியக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவராகப் பெயர்பெற்ற ஆலன் ஆக்டேவியன் ஹியூம், இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றிய தொகுப்பை 1873இல் வெளியிட்டார். 1885இல் அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்த சேகரிப்பில் பறவைத் தோல்களும் முட்டைகளுமாக 80,000க்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன. திருவிதாங்கூர் மலைகளின் பறவைப் பட்டியல் 1876இல் வெளியாயிற்று. டி. எஃப். பூர்டில்லன் பின்னாளில் திருவிதாங்கூர் வனத்துறையின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் ஹெச். எஸ். ஃபெர்குசனும் அவரும் இணைந்து திருவிதாங்கூர்ப் பறவைகளையும் அவற்றின் கூடமைப்பையும் பற்றிய குறிப்புகளை 1903ஆம் ஆண்டு முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார்கள். 1930களில் ஸ்டூவர்ட் பேக்கர் நான்கு தொகுதிகளில் இவ்வறிவையெல்லாம் திரட்டினார்.

இந்நூல்களின் உழைப்பு பெரிது. இன்றும் ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள். ஆனால் முட்டை திரட்டும் முறைக்கு ஓர் உள்ளார்ந்த குறை உண்டு. முட்டையை எடுத்தவுடன் அக்கூட்டின் வரலாறு அங்கேயே முடிந்துவிடுகிறது. எத்தனை முட்டை, என்ன நிறம், எந்த மாதம் என்பவை தெரியும். எத்தனை பொரிந்தன, எத்தனை பறந்தன, எது பாம்புக்குப் போயிற்று, எது மழையில் நனைந்து மடிந்தது என்பன தெரியா. மற்றொரு குறையும் உண்டு. உயர்ந்த மரத்தில் ஏறி முட்டையை இறக்கிக் கொடுத்த உள்ளூர் மனிதர்கள் இந்நூல்களில் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கிறார்கள்.

திருவிதாங்கூரின் தென்பகுதியில் அப்படி ஏறத் தெரிந்தவர் பனையேறிகள். லண்டன் மிஷனரி சங்கத்தின் சாமுவேல் மட்டீர் 1871இலும் 1883இலும் வெளியிட்ட நூல்களில் அவர்களது வாழ்வு இடம்பெற்றது. தளைநாரைக் காலில் மாட்டி, அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டி, பாளை சீவுவதற்காக அவர்கள் நாள்தோறும் காலையும் மாலையும் பனையேறினார்கள். அக்கானி இறங்கும் கோடைக்காலமே பனங்காடையும் மைனாவும் முட்டையிடும் காலம். ஒரு மரத்தின் உச்சியில் இருக்கும் பனையேறிக்குப் பக்கத்து மொட்டைப் பனையின் பொந்து கண்ணுக்கு நேராகத் தெரியும். குறித்த இடத்துக்கு, குறித்த நேரத்தில், பருவம் முழுவதும் மீண்டும் மீண்டும் சென்று பார்ப்பதையே இன்றைய அறிவியல் கண்காணிப்பு என்கிறது. அந்த வாய்ப்பு பனையேறிக்குத் தொழிலாகவே வாய்த்திருந்தது. அவர் கண்டதைக் கேட்டு எழுத எவரும் அடிமரத்தில் காத்திருக்கவில்லை.

முட்டை திரட்டுவதிலிருந்து கூட்டைக் கவனிப்பதற்கு இந்தியப் பறவையியல் நகர்ந்ததை ஒரே மனிதரின் வாழ்வில் காணலாம். சாலிம் அலி சிறுவனாயிருந்தபோது, 1906–07 அளவில், குதிரைலாயச் சுவரின் துளையொன்றில் சிட்டுக்குருவி கூடு வைத்திருந்தது. பெட்டை உள்ளே இருக்க, ஆண்குருவி துளையருகே இருந்த ஆணியில் காவல் அமர்ந்தது. சிறுவன் அதைச் சுட்டான். சற்றைக்கெல்லாம் வேறோர் ஆண் அவ்விடத்துக்கு வந்தது. ஏழு நாளில் எட்டு ஆண்குருவிகளைச் சுட்டதாகவும், ஒவ்வொரு முறையும் பெட்டைக்குப் புதிய துணை கிடைத்ததாகவும் அவர் எழுதிவைத்தார். 1985இல் வெளிவந்த தம் தன்வரலாற்றிலும் அதை மறைக்கவில்லை. அது ஒரு பொந்துக் கூட்டைப் பற்றிய தொடர்ச்சியான குறிப்பு. கையில் துப்பாக்கியுடன் எடுக்கப்பட்ட குறிப்பு. 1930இல் அதே மனிதர் கிஹிம் கடற்கரை ஊரில் தூக்கணாங்குருவிக் கூட்டத்தின் அருகே ஏணி சார்த்தி, மறைவிடம் அமைத்து, மாதக்கணக்கில் பார்த்தே இருந்தார். ஓர் ஆண் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடுகளைக் கட்டிப் பல பெட்டைகளோடு இணைகிறது என்ற கண்டுபிடிப்பு அந்த ஏணியில் பிறந்தது. 1933இல் அவர் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்தபோது இந்த மாற்றம் அவருக்குள் நிகழ்ந்து முடிந்திருந்தது எனலாம்; மாதிரிப் பறவைகளைச் சுடுவது மட்டும் அக்கால ஆய்வுமுறையில் தொடர்ந்தது.

கவனித்தலைப் பலர் செய்யும் பொதுப்பணியாக மாற்றியது பிரிட்டன். அங்குள்ள பறவையியல் அறக்கட்டளை, ஜூலியன் ஹக்ஸ்லி, ஜேம்ஸ் ஃபிஷர் ஆகியோரின் முயற்சியால் 1939இல் கூட்டுப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கூட்டுக்கு ஓர் அட்டை. பார்த்த நாள், முட்டைகளின் எண்ணிக்கை, குஞ்சுகளின் நிலை, இறுதியில் வெற்றியா தோல்வியா என்ற குறிப்பு. எழுதியவர்கள் ஆசிரியர்கள், உழவர்கள், ஓய்வுபெற்றவர்கள். தனித்தனியே பார்த்தால் அற்பமான அட்டைகள். 1997இல் அவற்றுள், 1971 முதல் 1995 வரையிலான 74,258 பதிவுகளை ஆய்ந்தபோது, 65 பறவை இனங்களுள் 20 இனங்கள் சராசரியாக 8.8 நாள் முன்னதாகவே முட்டையிடத் தொடங்கிவிட்டன எனத் தெரிந்தது. பூமி வெப்பமடைவதன் தடயம் கொல்லைப்புறக் கூடுகளில் கிடைத்தது. அட்டை எழுதியவர்களுள் எவரும் அதைத் தேடிச் சென்றவரல்லர்.

அமெரிக்காவில் இதன் வேறொரு வடிவம் உருவானது. பொந்துகளை இழந்தும், ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிட்டுக்குருவியோடும் ஸ்டார்லிங்கோடும் போட்டியிட முடியாமலும் நீலக்குருவிகள் குறைந்தன. 1930களில் இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகரில் டி. இ. மசல்மன் சாலையோரம் வரிசையாகப் பெட்டிகளை அமைத்து, முறைவைத்துச் சென்று பார்த்தார். 1978இல் லாரன்ஸ் ஸெலெனி நீலக்குருவிச் சங்கத்தை நிறுவியபின் அவ்வரிசைகள் நாடெங்கும் பெருகின. அங்குப் பெற்ற முதல் பாடம், மாட்டிவிட்டு மறந்த பெட்டி நன்மையைவிடத் தீமை செய்யலாம் என்பது. துளை சற்றே பெரிதானால் வலிய பறவை உள்ளே புகும். கம்பத்தில் தடுப்பு இல்லாவிட்டால் வேட்டை விலங்கு ஏறும். பழைய கூட்டை அகற்றாவிட்டால் பூச்சிகள் பெருகும். பெட்டியைச் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். அதைப் பார்க்கப் பல ஆண்டுகள் வேண்டும்.

இந்தியாவில் கூட்டுப்பெட்டி என்றவுடன் நினைவுக்கு வருவது சிட்டுக்குருவி. தென்தமிழகத்தில் அது அடைக்கலாங்குருவி. மனிதர் வீட்டில் அடைக்கலம் புகுந்தது என்பது பெயரின் பொருள். கேரளத்தில் அது அங்காடிக்குருவி. கடைத்தெருவின் தானியச் சிதறலில் வாழ்வது. 2010 முதல் மார்ச் 20ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளிகளில் பெட்டிகள் வழங்குவது வழக்கமாயிற்று. 2012இல் பொதுமக்களிடம் நடத்தப்பட்ட சிட்டுக்குருவிக் கணக்கெடுப்பில் 5,655 பேர் 8,425 இடங்களிலிருந்து தகவல் தந்தார்கள். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாட்டளவில் ஏறத்தாழ நிலையாக இருப்பதையும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்துவருவதையும் காட்டியது. கைபேசிக் கோபுரமே காரணம் என்று ஊரெங்கும் பேசப்பட்டது. அதற்குத் திட்டவட்டமான சான்று கிடைக்கவில்லை. தரவு இல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது. மாட்டிய பெட்டிகளில் எத்தனை நிறைந்தன, எத்தனை குஞ்சுகள் பறந்தன என்ற கணக்கு எல்லா இடங்களிலும் வைக்கப்பட்டிருந்தால் அந்த விவாதம் வேறு திசையில் சென்றிருக்கும்.

கேரளத்திலேயே இதற்கு மாறான முன்மாதிரி ஒன்று உண்டு. திருச்சூர் மாவட்டத்தில், சாலக்குடி ஆற்றின் கரையில், வாழச்சால் காடுகளில் வாழும் காடர் பழங்குடியினர் மரம் ஏறுவதிலும் தேன் எடுப்பதிலும் தேர்ந்தவர்கள். மாநிலப் பறவையான பெரிய இருவாச்சியின் பெட்டை, உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்து, உணவு வாங்கும் அளவு இடைவெளி மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். வெளியே உள்ள ஆண் கொண்டுவரும் பழங்களையே நம்பி மாதக்கணக்கில் சிறையிருக்கும். ஆணைக் கொன்றால் குடும்பமே அழியும். முன்பு காடர்களும் குஞ்சுகளை உணவுக்காக எடுத்ததுண்டு. 2004–05 முதல் கே. ஹெச். அமிதா பச்சன் என்ற ஆய்வாளரின் முயற்சியாலும் வனத்துறையின் ஒத்துழைப்பாலும் அதே காடர்கள் கூடு கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எந்த மரம், பெட்டை எப்போது உள்ளே புகுந்தது, ஆண் வந்துபோகிறதா, குஞ்சு வெளிவந்ததா என்று பதிந்தார்கள். கேரளத்தில் மலபார் பாண்டு இருவாச்சியின் முக்கிய வாழிடமும் அந்த ஆற்றங்கரைக் காடே. 2011இல் இப்பணியின் விவரங்கள் அறிவியல் இதழில் வெளியாயின. 2014இல் வாழச்சாலின் ஒன்பது பழங்குடிக் குடியிருப்புகள் வன உரிமைச் சட்டப்படி சமூக வன உரிமை பெற்றன. காட்டைப் பற்றிய அறிவுக்கும் காட்டின்மீதான உரிமைக்கும் தொடர்பு உண்டென்பதை அம்மக்கள் நிலைநாட்டினார்கள்.

இதே பாதையில் தாய்லாந்தின் பூடோ மலையில் பிலாய் பூன்ஸ்வாட், குஞ்சு திருடியவர்களையே கூடு காப்போராக மாற்றியிருந்தார். சிதைந்த பொந்துகளைச் செப்பனிட்டார், செயற்கைக் கூடுகளும் அமைத்தார். அருணாசலப் பிரதேசத்தின் பக்கே காட்டில் 2011–12இல் தொடங்கிய இருவாச்சிக் கூடு தத்தெடுப்புத் திட்டத்தில், நிஷி இனத்தவரின் ஊர்த்தலைவர்கள் அமைப்பும், வனத்துறையும், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் இணைந்தன. நகரத்தவர் அளிக்கும் நன்கொடை கூடு காக்கும் கிராமத்தவரின் ஊதியமாயிற்று. இம்மூன்று இடங்களிலும் பொதுவான செய்தி ஒன்று. மரமேறத் தெரிந்தவரைப் பதிவேட்டுக்கும் உரியவராக்கியபோதே பணி நிலைத்தது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிக்க முனைவோருக்கு இவ்வரலாறு தரும் பாடத்திட்டம் எளியது. பெட்டி செய்யத் தகரம் ஆகாது. வெயிலில் குஞ்சுகள் வெந்துவிடும். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் துளை போதும். மேற்கு வெயிலும் சாரலும் நேராக விழாத திசை வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்துக்குள் பார்த்து விலக வேண்டும். முட்டையிடும் விடியற்காலையில் செல்லலாகாது. மழையிலும் இருட்டியபின்னும் செல்லலாகாது. குஞ்சுக்கு இறகு முளைத்துப் பறக்கும் பருவம் நெருங்கினால் பெட்டியைத் திறக்கவே கூடாது. அஞ்சி முன்கூட்டியே குதித்துவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முட்டையையும் கூட்டையும் குலைப்பதை வேட்டையின் வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே இயற்கைப் பொந்துகளைத் தொலைவிலிருந்து பார்ப்பதே முறை.

இவற்றுள் கற்பிக்கக் கடினமானது, ஒன்றும் இல்லாததை எழுதும் பழக்கம். காலியான பெட்டியைக் காலி என்று எழுத இளம் தன்னார்வலருக்கு மனம் வராது. முட்டைகள் மறைந்ததைத் தம் தோல்வி எனக் கருதிப் பதியாமல் விடுவார்கள். வெற்றிகள் மட்டும் நிறைந்த பதிவேடு பொய்ச் சாட்சி ஆகிவிடும். பிரிட்டனின் அட்டைகளுக்கு மதிப்பு தந்தவற்றுள் இறந்த குஞ்சுகளின் குறிப்பும் அடங்கும்.

கேரளத்தில் தன்னார்வலர்களுக்குப் பஞ்சம் இல்லை. 2015 முதல் 2020 வரை நடந்த கேரளப் பறவை வரைபடப் பணியில் 1,000க்கு மேற்பட்டோர் பங்கேற்று, ஏறத்தாழ 4,000 கட்டங்களில் 361 இனங்களைப் பற்றி 3 இலட்சம் பதிவுகளைத் திரட்டினார்கள். ஆசியாவில் இதற்கு ஈடான பணி அரிது. அக்கணக்கெடுப்பு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரையும், ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரையும் நடந்தது. பறவைகளின் பரவலை அறிய அது பொருத்தமான ஏற்பாடு. ஆனால் இடைப்பட்ட ஏப்ரலும் மே மாதமும் பல பொந்துப் பறவைகளின் கூட்டுப் பருவம். எந்தக் கட்டத்தில் பனங்காடை இருக்கிறது என்பதை வரைபடம் சொல்லும். அது அங்கே குஞ்சு பொரித்துப் பறக்கவிடுகிறதா என்பதைச் சொல்லும் நோக்கம் அதற்கு இல்லை. நீண்ட ஆயுளுள்ள பறவை, கூடு இன்றியே சில ஆண்டுகள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். கணக்கில் அது குறையாது. மூத்த பறவைகள் மடியும்போதுதான் வெறுமை தெரியும். அப்போது தலையிடக் காலம் கடந்திருக்கும்.

மேலும் அவ்வரைபடம் மாநில எல்லையோடு நிற்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. கேரளத்துக்கு ஓணம் கணக்கெடுப்பு உண்டு. இரு விழாக்களும் இரு பருவங்களில் வருகின்றன. இரண்டுமே கூட்டுப் பருவத்தைத் தொடுவதில்லை. பாறசாலைப் பள்ளி மாணவர் ஒருவரும் களியக்காவிளை மாணவர் ஒருவரும் ஒரே வகைப் பதிவேட்டை, ஒருவர் மலையாளத்திலும் மற்றவர் தமிழிலும், ஏப்ரல், மே மாதங்களில் நிரப்பினால், 1956இல் பிரிந்த நிலத்தின் பொந்துப் பறவைகள் மீண்டும் ஒரே ஏட்டில் சேரும்.

அந்த ஏட்டின் முதல் பக்கத்துக்குரிய தகவலைத் தரக்கூடியவர்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். பனையேற்றம் அருகிவிட்டது; ஏறியவர்களுள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். எந்த விளையில் எந்த மொட்டைப் பனை நின்றது, அதில் என்ன பறவை இருந்தது, எந்த ஆண்டு அது சாய்ந்தது என்பது அவர்களது நினைவில் மட்டும் உள்ளது. பெட்டி மாட்டும் முன் தன்னார்வலர் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு குறிப்பேட்டோடு அந்த முதியவரின் திண்ணையில் உட்கார்ந்து கேட்பது. எழுதும்போது அவர் இசைவோடு அவருடைய பெயரையும் எழுத வேண்டும்.